மூட்டைக்குள் முதல் வண்டு... முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் குழாய்ப் பொறி!

வல்லத்திராக்கோட்டையில் இருக்கும் என் அப்பத்தா, தை மாதம் எடுத்த உளுந்தில் நல்ல மணியாகப் பார்த்துப் பொறுக்கி, தகர டின்னில் போட்டு வைத்திருந்தார். ஆடிப் பட்டத்துக்கு விதைக்க வேண்டிய உளுந்து அது. ஆனி கடைசியில் டின்னைத் திறந்தால், மேலே குறுகுறுவென்று வண்டு ஓடுகிறது. கையில் அள்ளிப் பார்த்தால் பாதி மணியில் ஓட்டை, அடியில் மாவு. "அம்புட்டும் உளுத்துப்போச்சுப்பா" என்றார். அந்த வருஷம் விதையைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.

உங்கள் வீட்டு அரிசி டிரம்மிலும் பாசிப்பயறு டப்பாவிலும் இதே கதை நடந்திருக்கும். நம் கண்ணுக்கு வண்டு தெரியும்போது வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா?

வண்டு எங்கிருந்து வருகிறது?

'மூடித்தானே வைத்தோம்' என்று பலரும் குழம்புவார்கள். பயறு வண்டு பெரும்பாலும் வயலிலிருந்தே கூட வருகிறது. முற்றிய காயின் மேல் முட்டையிட்டுவிடும். அறுவடைக்குப் பிறகு மணியின் தோலிலும் வெள்ளைப் பொட்டு மாதிரி முட்டை ஒட்டியிருக்கும். பொரிக்கும் புழு நேராக மணிக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வருகிறது. தின்பதெல்லாம் புழுதான். வெளியே வந்த வண்டு சில நாள்களே வாழும். அதன் வேலை முட்டையிடுவது மட்டும்தான்.

ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். அதில் 20 மட்டும் பிழைத்து, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 20, இரண்டாம் மாதம் 200, மூன்றாம் மாதம் 2,000! அப்பத்தாவின் டின்னுக்குள் நடந்தது இந்தக் கணக்குதான். அதனால்தான் முதல் வண்டைப் பிடிப்பது அவ்வளவு முக்கியம்.

துளை போட்ட குழாய்

இதற்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் எஸ்.மோகன், சேமிப்புத் தானியத்துக்கென்றே சில பொறிகளை உருவாக்கினார். அதில் பிரபலமானது, தானியத்துக்குள் செருகி வைக்கும் குழாய்ப் பொறி.

மின்சாரம், மருந்து எதுவும் வேண்டாம். சுற்றிலும் சிறு சிறு துளைகள் போட்ட குழாய், அடியில் கழற்றி மாட்டும் சின்னக் குப்பி, அவ்வளவுதான். வண்டுகளுக்குக் காற்றோட்டம் உள்ள இடம் பிடிக்கும். குழாய்க்குள் காற்று இருப்பதால் துளை வழியே நுழையும். நுழைந்தது வழுக்கிக் குப்பியில் விழும். ஏறி வர முடியாது. தானிய மணி உள்ளே போகாது.

25 கிலோ பிடிக்கும் டிரம்முக்கு இரண்டு, மூன்று பொறி போதும். மேல்பக்கம் அரையடி ஆழத்துக்குள் இருக்கும்படி செருக வேண்டும். ஆரம்பத்தில் வண்டு நடமாட்டம் அங்கேதான் அதிகம். வாரம் ஒருமுறை குப்பியைக் கழற்றிப் பாருங்கள்.

உளுந்து, பாசிப்பயறுக்கு இன்னொரு மாடல். பயறு வண்டு மேற்பரப்பிலேயே அலையும் என்பதால், மேலே ஓடுவதையும் சேர்த்துப் பிடிக்கும் 'டூ இன் ஒன்' பொறி அதற்குப் பொருத்தம்.

200 கிராம் போதும்!

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கருவி, முன்னெச்சரிக்கைக்காகவே வந்தது. மொத்தமாகச் சேமிக்கும் முன் 200 கிராம் பயறை மட்டும் துளையிட்ட கூம்புக் கோப்பையில் போட்டு வைக்க வேண்டும். வயலிலிருந்து வந்த வண்டு வெளியே வந்தால், கீழே வாசலின் தடவிய தட்டில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் மொத்தப் பயறையும் எடுத்து வெயிலில் காயவைத்துவிடலாம்.

கருவி இல்லையா? அதே 200 கிராமை மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் தனியாக வைத்து, அடிக்கடி பாருங்கள். உளுந்தின் கறுப்புத் தோலில் வெள்ளை முட்டை பளிச்சென்று தெரியும்.

பார்த்த பிறகு?

ஒரு வண்டு கிடைத்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நன்றாக வெயிலில் உலர்த்தி, புடைத்து, சூடு ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். விதை உளுந்தில் ஈரப்பதம் 9 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. சமையலுக்கு என்றால் உடைத்துப் பருப்பாக்கி வையுங்கள். முழுப் பயறு அளவுக்கு இந்த வண்டு அதில் வராது.

விதைக்குக் கூடுதல் கவனம் தேவை. சான்று பெற்ற உளுந்து விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவிகிதம் இருக்க வேண்டும். ஓட்டை விழுந்த மணியை நம்பி விதைக்க முடியாது.

முக்கியமான ஒன்று. வண்டு வந்துவிட்டதே என்று சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி வீட்டு மூட்டைக்குள் போடுகிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு மனிதர்களையும் கொல்லும். ஆள் புழங்கும், குழந்தைகள் தூங்கும் வீட்டில் அது கூடவே கூடாது.

புதுக்கோட்டைக்காரர்கள் இதற்காகக் கோவை வரை போக வேண்டியதில்லை. 'வம்பன்' உளுந்து ரகங்களைத் தந்த தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமும், வேளாண்மை அறிவியல் நிலையமும் இதே மாவட்டத்தில் வம்பனில்தான் இருக்கின்றன. பொறி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

அப்பத்தா டின்னில் இப்போது குழாய்ப் பொறி இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் குப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். போன மாதம் அதில் இரண்டு வண்டு. அன்றைக்கே உளுந்து மொட்டை மாடி வெயிலுக்குப் போய்விட்டது!