காலூன்ற வைத்தவர்கள்

வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறிய மிஷனெரிகளின் வரலாறுகளில் கப்பல் பயணமும் காய்ச்சலும் கல்லறைகளும் விரிவாக வரும். ஊரையும் உறவையும் விட்டு வந்தவரின் மனவுறுதி பக்கம் பக்கமாகப் பேசப்படும். அவருக்கு அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவரும், கடைக்கும் கச்சேரிக்கும் கூடப் போனவரும், வியாதிப்பட்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுவார்கள். இந்தக் கணக்கு தலைகீழானது. புது மண்ணில் ஒரு மிஷனெரி நிலைத்தாரா என்பதை, அவர் கொண்டுவந்த துணிவைவிட, உள்ளூர்க்காரர்களிடம் எந்த அளவுக்குக் கையேந்தி நின்றார் என்பதே அதிகம் தீர்மானித்திருக்கிறது. கொடுக்க வந்தவர் முதலில் வாங்கப் பழகிய இடங்களில் வேர் பிடித்தது. கொடுக்க மட்டுமே தெரிந்தவர்கள் ஆயுள் முழுக்க இருந்தும் அந்நியராகவே இருந்துவிட்டுப் போனார்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு 25 வயதுகூட நிறையவில்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிவைத்தவர்தான். ஆனாலும் கோட்டையில் அவருக்கு வரவேற்பில்லை. டேனிஷ் கம்பெனியின் தளபதி ஹாசியஸ் அவரை வேண்டாத தொல்லையாகவே நடத்தினார். 1708-ன் இறுதியில் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தும் வைத்தார். சொந்த இனத்தார் முகம் திருப்பிக்கொண்ட ஊரில் அவருக்கு வாசல் திறந்தவர் ஒரு வயதான தமிழ் வாத்தியார். அவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்ட சீகன்பால்கு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். எழுத்து வந்துவிட்டது, பொருள் விளங்கவில்லை. அங்கேதான் அழகப்பன் வருகிறார். போர்த்துகீசியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் பேசிய துபாஷி அவர். பிறகு நாள் முழுக்கப் படிப்புதான். காலையில் முந்தைய நாள் சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, பிறகு ஒரு முதிய புலவரையும் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம்வரை சுவடி படிப்பது, சாப்பிடும்போதும் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. மாலையில் கண் சோர்ந்த பிறகு மறுபடி யாராவது வாசிக்க வேண்டும். இந்த அட்டவணையில் அவர் தனியாக இருக்கும் நேரம் அநேகமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டே ஆண்டுகளில் அவர் சேர்த்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியல் தயாராகிவிட்டது. அதில் திருக்குறளும் சிவவாக்கியமும் இருந்தன. 1708-லேயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1711-ல் முடிந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு இந்தப் பாடங்களுக்குப் பிறகு வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மொழி கற்றதும் சுவடி சேர்த்ததும் மதம் மாற்றுவதற்கான ஏற்பாடுதானே, இதில் பணிவு எங்கே வந்தது என்று கேட்பார்கள். நோக்கம் அதுதான், சீகன்பால்கு அதை ஒருநாளும் மறைத்ததில்லை, தமிழர் வழிபாடு தவறு என்ற எண்ணத்தையும் கடைசிவரை விடவில்லை. ஆனால் கற்றல் நோக்கத்தைத் தாண்டி வளர்ந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. தென்னிந்தியக் கடவுளரைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த விரிவான நூலை ஜெர்மனியிலிருந்து அந்த மிஷனை வழிநடத்திய ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அச்சிடவில்லை. புறமதத்தை ஒழிக்க அனுப்பியவர் அதைப் பரப்பும் புத்தகம் எழுதுவதா என்பது அவர்கள் கேள்வி. 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. மதமாற்றத்துக்கு மட்டுமான கருவி என்றால், அந்த வேலையை நன்கு அறிந்தவர்களே அதை ஒதுக்கியிருப்பார்களா? தமிழர்களிடம் கடிதம் மூலம் கேள்வி கேட்டு, அவர்கள் கிறிஸ்தவர்களைக் கண்டித்து எழுதிய பதில்களையும் சேர்த்தே ஜெர்மனிக்கு அனுப்பியவர் அவர். கற்றுக்கொள்ளும் பழக்கம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அது அவர் போட்ட வேலிக்குள் நிற்பதில்லை.

பர்மாவிலும் இதையே பார்க்கிறோம், இன்னும் கடுமையாக. 1813-ல் அமெரிக்கத் தம்பதியர் அடோனிராம் ஜட்சனும் ஆன் ஜட்சனும் ரங்கூனில் இறங்கினார்கள். கணவர் இலக்கணத்தில் மூழ்கிக் கிடந்தார். வீட்டு நிர்வாகம் முழுவதும் மனைவி தலையில் விழுந்தது. வேலையாட்களோடும் சந்தையோடும் தினமும் பேசியாக வேண்டியிருந்ததால், பேச்சு மொழி ஆனுக்கே முதலில் வசப்பட்டது. ஆறு ஆண்டுகள் ஓடியும் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1819-ல் ஜட்சன் வழியோரத்தில், பர்மியர் வழக்கப்படி, யாரும் வந்து உட்காரக்கூடிய சாவடி ஒன்றைக் கட்டித் தாமும் அங்கே போய் உட்கார்ந்தார். சில வாரங்களில் மவுங் நாவ் வந்தார். அந்த ஜூனில் முதல் ஞானஸ்நானம் நடந்தது. ஆட்களைத் தன் வீட்டுக்கு அழைப்பதை விட்டு, ஆட்கள் கூடும் முறைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததே மாற்றம்.

1824-ல் ஆங்கிலேயரோடு போர் வந்ததும் வெள்ளையர் எல்லாரும் ஒற்றர் என்று ஜட்சன் சிறையில் அடைக்கப்பட்டார். ஆன் கைக்குழந்தையோடு சிறைவாசலுக்கு நடந்தார். நோயில் விழுந்து அவருக்குப் பால் வற்றியபோது, காவலரிடம் அனுமதி வாங்கி, கால்விலங்கோடு ஜட்சன் சிறை இருந்த கிராமத்தில் வீடு வீடாகக் குழந்தையைத் தூக்கிப்போனார். பர்மியத் தாய்மார் பால் கொடுத்தார்கள். பகைநாட்டான் என்று அரசு விலங்கிட்டவனின் பிள்ளைக்கு! மிஷன் வரலாறு இதைப் பெரும்பாலும் ஜட்சனின் பாடுகளில் ஒன்றாகவே எழுதுகிறது. அந்தத் தாய்மாரின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் மதில் சூழ்ந்த மிஷன் வளாகங்களும் பங்களாக்களும் எல்லாம் ஆணவமா? அப்படிச் சொல்வது நியாயமல்ல. காலராவும் காய்ச்சலும் பிள்ளைகளை வாரிக்கொண்டுபோன காலம் அது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனெரிகள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டியது உயிர் பிழைக்கத்தான். பெற்ற பிள்ளையைப் புதைத்தவர்களிடம் ஏன் மலைக்குப் போனாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உடம்பைக் காக்க எழுப்பிய சுவர் பழக்கத்தையும் பிரித்தது. பங்களாவில் துரை, வராந்தாவில் உபதேசியார் என்ற ஏற்பாடு நோய் குறைந்த பிறகும் நீடித்தது. 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் இதை முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு தமிழர், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. மிஷனெரிகளின் தியாகங்களை எல்லாம் மனமார ஒப்புக்கொண்டு, கடைசியில் அவர் கேட்டது நட்பு ஒன்றைத்தான். மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. அசரியாவுக்கு அதைக் கேட்கும் தகுதி இருந்தது. 1912-ல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் பொறுப்பேற்றது நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். மொழி தெலுங்கு, அவரும் அங்கே அந்நியரே. தெலுங்கு கற்றார். அங்கே அவர் எழுப்பிய பேராலயத்தில் கோயில் தூணும் குவிமாடமும் அருகருகே நிற்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கடன் தீராமல் நிற்கிறது. கையேந்தியவருக்குக் கொடுத்தவர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். சீகன்பால்குவுக்கு உதவிய அழகப்பன் கம்பெனியின் கோபத்துக்கு ஆளாகித் தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது. சீகன்பால்கு சிறையிலிருந்து வெளியே வந்து வேலையைத் தொடர முடிந்தது, அவருக்குப் பின்னால் ஓர் அரசர் இருந்தார். அழகப்பனுக்கு யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. இன்று தமிழ்நாட்டுச் சபைகளே வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகின்றன. மொழிப் பயிற்சிக்குக் காலம் ஒதுக்குகிறார்கள், பணித்தளத்துக்குக் காணிக்கை சேர்க்கிறார்கள். இரண்டும் நல்ல வேலை. எதிர்ப்பு வந்தால் ஊழியரை வேறு தளத்துக்கு மாற்றலாம். அவருக்கு வாடகைக்கு வீடு தந்து, பேச்சுக் கற்றுக்கொடுத்த குடும்பம் அதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு வழக்கோ வேலையிழப்போ நேர்ந்தால் யார் பார்ப்பது என்பதை, ஊழியரை ரயிலேற்றுவதற்கு முன்பே அனுப்புகிற சபை தன் வரவுசெலவில் எழுதி வைக்க வேண்டும்.