நிலாவைவிடப் பெரிது, ஆனால் தெரியாது

ஆறு முழு நிலாக்களை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளம் வருமோ, வானத்தில் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி ஏறக்குறைய அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் நகரவாசிகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததில்லை. அத்தனை மங்கல்! தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்?’ என்றுதான். கேலக்ஸியையும் நெபுலாவையும் படமெடுக்க நினைப்பவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. எவ்வளவு ஒளியைச் சேர்க்கும் என்று கேட்க வேண்டும்.

கண்ணுக்கு ஒளியைச் சேமிக்கத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர், நியூயார்க் மாநிலத்தில் தம் சொந்த வானாய்வுக் கூடத்திலிருந்து, 11 அங்குலத் தொலைநோக்கி வழியே 51 நிமிட எக்ஸ்போஷரில் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். 1883இல் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர், லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவியிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே நெபுலாவை எடுத்தார். கண்ணுக்கே எட்டாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் பதிந்திருந்தன.

சிக்கல், பூமி சும்மா இருப்பதில்லை. ஒரே நிமிடத்தில் நட்சத்திரங்கள் அரை நிலா அகலத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் பூமியின் அச்சுக்கு இணையாகத் தன் அச்சைத் திருப்பி, மோட்டாரால் மெல்லச் சுழலும் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு வேண்டும். தொலைநோக்கிக் குழாயைவிட அதற்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள், சரியான யோசனை. அச்சை நேர்ப்படுத்தத் துருவ நட்சத்திரம் உதவும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே போதும், அதை மறைக்க.

டிரேப்பரைப் போல ஒரே மூச்சில் 51 நிமிடம் எடுப்பவர்கள் இன்று அரிது. சில நிமிடப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடுக்க அடுக்க ஒளி ஏறிக்கொண்டே போகும். படத்தைக் கெடுக்கும் இரைச்சல் அந்த வேகத்தில் ஏறாது. நூறு படங்களை அடுக்கினால் பத்து மடங்கு தெளிவு. அதை இரட்டிப்பாக்க நானூறு படங்கள் வேண்டும்!

தெருவிளக்கின் வெளிச்சத்தை ஓரளவு சமாளிக்க பில்டர்கள் உண்டு. நெபுலாவில் ஒளிரும் ஹைட்ரஜனின் சிவப்பையோ ஆக்சிஜனின் நீலப்பச்சையையோ மட்டும் உள்ளே விட்டு, மற்றதைத் தடுத்துவிடும். கேலக்ஸியின் ஒளி எல்லா நிறமும் கலந்த நட்சத்திர ஒளி என்பதால் அங்கே இந்த உபாயம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

ஆனால் 2022இல் பிரான்சின் நான்சி நகருக்கருகே யான் சேன்டி என்ற ஆர்வலர், ஆண்ட்ரோமெடாவை நோக்கியே ஆக்சிஜன் பில்டரைப் போட்டார். அவரிடம் இருந்தது 106 மில்லிமீட்டர் தொலைநோக்கி. நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்த பிறகு, கேலக்ஸிக்கு அருகில் ஒரு நீண்ட நீல வில் தெரிந்தது. 1888இலேயே பிரிட்டிஷ் ஆர்வலர் ஐசக் ராபர்ட்ஸ் படமெடுத்த, அதன் பிறகு எண்ணற்றவர்கள் எடுத்துத் தள்ளிய இடம் அது! வில் ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா, நம் பால்வெளியிலேயே குறுக்கே நிற்கும் வாயுவா என்பதில் வானியலாளர்களிடையே இரு கருத்து உண்டு.

நீண்ட எக்ஸ்போஷர்தான் எப்போதும் உயர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டு வேலை செய்யும் விக்டர் புசோ, 2016 செப்டம்பர் 20 அன்று வீட்டு மாடியில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். நகர வெளிச்சத்துக்குப் பயந்து 20 விநாடிப் படங்களாகவே எடுத்தார். என்ஜிசி 613 என்ற கேலக்ஸியின் ஓரத்தில், முதல் படங்களில் இல்லாத ஒரு புள்ளி பின்னால் எடுத்தவற்றில் தோன்றி, படத்துக்குப் படம் பிரகாசமானது. நட்சத்திரம் ஒன்று சூப்பர்நோவாவாக வெடித்து முதல் ஒளி வெளிவந்த கணம் அது. நீண்ட எக்ஸ்போஷராக இருந்திருந்தால் பிரகாசம் கூடிய வேகத்தை அளந்திருக்க முடியாது. 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் புசோவும் ஒருவர்.