விடுமுறையிலும் டியூட்டி

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அமெரிக்காவில் தொழிலாளர் தினம். பள்ளிக்கூடம், வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும். பல ஊர்களில் ஊர்வலம் உண்டு. ஆசிரியர்கள், எலெக்ட்ரீஷியன்கள், தச்சர்கள் என்று சங்கம் சங்கமாக நடந்து வருவார்கள். குழந்தைகள் காத்திருப்பது என்னவோ தீயணைப்பு வண்டிக்குத்தான். டியூட்டி இல்லாத வீரர்கள் சீருடையில் நடந்து வர, மற்றவர்கள் நிலையத்தில் அடுத்த அழைப்புக்குத் தயாராக இருப்பார்கள். தீ விடுமுறை பார்ப்பதில்லையே!

நமக்குத் தொழிலாளர் தினம் என்றால் மே 1. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-லேயே அதைக் கொண்டாடிவிட்டார். 1886 மே மாதம் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தின் நினைவாகவே பல நாடுகள் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டன. அந்தச் சிகாகோ இருக்கும் நாடோ செப்டம்பரில் கொண்டாடுகிறது. வேடிக்கைதான், ஆனால் காரணம் இருக்கிறது.

செப்டம்பர் வழக்கம் சிகாகோ போராட்டத்துக்கும் மூத்தது. 1882 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கின் மத்தியத் தொழிற்சங்கம் ஊர்வலத்துக்கு அழைத்திருந்தது. விடுமுறை கிடையாது, வருகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். காலையில் கூடியவர்கள் ஒரு கைப்பிடி அளவு. பேண்ட் வாத்தியமும் வந்து சேரவில்லை. பேசாமல் கைவிட்டுவிடலாம் என்று பக்கத்தில் நின்றவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நெவார்க் நகரின் நகைத் தொழிலாளர்கள் 200 பேர், சொந்த பேண்டோடு படகில் ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். இசை கேட்டதும் கூட்டம் வழியெங்கும் சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் நடந்தவர்கள் 10,000 பேருக்குக் குறையாது என்கிறார்கள். யோசனை யாருடையது என்பதில் இன்றும் தகராறு: தச்சர் சங்கத்தின் பீட்டர் மெக்கைரா, இயந்திரத் தொழிலாளி மேத்யூ மகைரா? பெயர் ஒற்றுமை வேறு குழப்பத்தைக் கூட்டுகிறது.

1887-இல் ஓரிகன் மாநிலம் முதலில் சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான விடுமுறை 1894-இல் வந்தது. புல்மன் ரயில் பெட்டிக் கம்பெனி கூலியைக் குறைத்து, தன் குடியிருப்புகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்ததால் வெடித்த வேலைநிறுத்தம் அப்போது உச்சத்தில் இருந்தது. ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து ஜூன் 28 அன்று விடுமுறைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு வாரத்துக்குள் அதே வேலைநிறுத்தக்காரர்கள் மேல் ராணுவத்தை ஏவினார். சிகாகோ நினைவைக் கிளறும் மே மாதத்தைவிட செப்டம்பரே அரசுக்கு வசதியாக இருந்தது.

அந்த முதல் ஊர்வலத்தின் பதாகைகள் கேட்டவற்றில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. தீயணைப்பு வீரருக்கு அது எட்டாக் கனி. அந்தக் காலத்தில் அவர் நிலையத்திலேயே குடியிருந்தார். இரவு பகல் டியூட்டி, சாப்பாட்டுக்குப் போய்வரச் சில மணி நேரம், எப்போதாவது ஒரு நாள் ஓய்வு. பெண்டாட்டி பிள்ளைகளை விருந்தாளி போலத்தான் பார்க்க முடிந்தது. இரண்டு ஷிப்டாகப் பிரியுங்கள் என்று கேட்கவே ஊர் ஊராகச் சங்கங்கள் முளைத்தன. 1918 பிப்ரவரியில் அவை வாஷிங்டனில் ஒன்றுகூடி, சர்வதேசத் தீயணைப்பாளர் சங்கத்தை அமைத்தன. மறு ஆண்டே பாஸ்டன் போலீசார் வேலைநிறுத்தத்தில் இறங்க, அரசு ஊழியர் சங்கம் என்றாலே சந்தேகப் பார்வை விழுந்தது. தீயணைப்பாளர் சங்கங்களும் சில கலைந்தன. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சர்வதேசச் சங்கத்துக்கு 3 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள்.

ஆனாலும் கணக்கு இன்னும் வேறுதான். மற்றவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம். தீயணைப்பு வீரருக்கு 28 நாளில் 212 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 53 மணி நேரம் தாண்டினால்தான் என்று மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது.

சிற்றூர்களில் நிலைமையே வேறு. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவர் பிளம்பராகவும் இருந்தால், ஊர்வலத்தன்று பிளம்பர் சங்கத்தோடு நடப்பதா, வண்டியில் ஏறி மணி அடிப்பதா என்று அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.