மாமியின் சிவப்பு மருந்து

மார்பகப் புற்றுநோய்க்கு மாமியின் முதல் கீமோ. லாச்சப்பலில் இருந்து அவவோட மொழிபெயர்க்கப் போனது நான்தான். "இதென்ன தம்பி, சர்பத் மாதிரிச் சிவப்பா இருக்கு?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்லை. இரவு இருந்து வாசித்தேன்.

அது எபிரூபிசின். அதின்ர கதை மண்ணில் தொடங்குது. 1960களில் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்டீரியா, டோனோரூபிசின் என்ற சிவப்புப் பொருளைச் சுரந்தது. அதே காலத்தில் பிரான்சிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். இரத்தப் புற்றுநோய்க்கு உதவியது. ஆனால் இதயத்தைப் பாதித்தது.

பிறகு அந்தப் பக்டீரியாவின் மரபணுவில் மாற்றம் உண்டாக்கினார்கள். டாக்ஸோரூபிசின் வந்தது. அது மார்பகப் புற்றுநோயிலும் வேலை செய்தது. இதயப் பிரச்சினை மட்டும் விடேல்லை.

அடுத்த மாற்றம்தான் எனக்குப் பிடிச்சது. மூலக்கூறின் சர்க்கரைப் பகுதியில் ஒரேயொரு ஓ.எச். குழுவைத் திசை திருப்பினார்கள். அணுக்கள் எல்லாம் அதே. கோடில் ஒரு பிட்டைத் திருப்பின மாதிரி. உடல் இந்த மருந்தை வேகமாக வெளியேற்றும். அதே டோஸில் இதயப் பாதிப்புக் குறைவு.

குறைவு, இல்லை எண்டில்லை. அதனால்தான் வாழ்நாள் மொத்த டோஸுக்கு எல்லை, அதனால்தான் இதயத்துக்கு எக்கோ.

"என்ர ஹார்ட் நல்லாத்தானே இருக்கு" எண்டு எக்கோவைத் தள்ளிப்போட இருந்தா மாமி. இதைச் சொன்ன பிறகு வந்தா.

உங்கள் வீட்டிலும் மொழிபெயர்க்கிறது நீங்கள்தானே? சொல்லை மட்டுமில்லை, காரணத்தையும் சொல்லுங்கோ.