கட்டுவிரியன் தீண்டிய நரம்பு

கட்டுவிரியன் இரவுப் பாம்பு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த தடம் பலவேளை கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இராது. முதலில் வயிற்றுக்குத்து, பிறகு கண்ணிமை தானாக விழும், பேச்சுக் குழறும். கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும்.

நஞ்சு தாக்கும் இடம் நரம்பின் கடைசி நுனி. பாதத்துத் தசையை இயக்கும் நரம்புக் கலத்தின் உடல் முள்ளந்தண்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் அக்சோன் என்ற இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளும். கட்டுவிரியன் இனப் பாம்புகளின் நஞ்சில் உள்ள பீட்டா-பங்கரோடொக்சினுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பொட்டாசியம் அயன் கால்வாயைப் பற்றிக்கொள்ளும். மற்றது நுனியின் மென்சவ்வை அரிக்கும்.

அந்தக் கால்வாய் அங்கே எப்படி வந்தது?

கால்வாய்கள் எல்லாம் புரதங்கள். பெரும்பாலும் கலவுடலில் உருவாகி, சிறு பைகளில் ஏறி, கைனெசின் என்ற இயக்கிப் புரதம் இழுக்க நுண்குழாய்கள் வழியே போகின்றன. போகவேண்டிய விலாசம் புரதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சில பொட்டாசியம் கால்வாய்களின் தொடக்கப் பகுதிதான் அவற்றை அக்சோனுக்கு அனுப்புகிறது என்று கலிபோர்னியாவில் லிலி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் ஆய்வுகூடம் 2003இல் காட்டியது. சோடியம் கால்வாயிலோ அங்கிரின்-ஜி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் சிறு துண்டொன்று இருக்கிறது. அக்சோன் தொடங்கும் இடத்தில் அங்கிரின் குவிந்திருப்பதால் சோடியம் கால்வாய்களும் அங்கே நெருக்கமாகச் சேர்கின்றன; நரம்புத் துடிப்பு பிறப்பதும் அங்கேதான்.

இந்தச் சரக்கு எவ்வளவு விரைந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிமீற்றர்தான். ஒரு மீற்றர் போக இரண்டரை நாளாவது வேண்டும்.

வைத்தியசாலையில் ஏற்றும் இந்திய நச்சுமுறி குருதியில் உலவும் நஞ்சைப் பிடிக்கும். அரித்துப்போன நுனியைத் திருப்பித் தராது. எலிகளில் ஒரு நாளுக்குள் நுனிகள் அழிந்து, மூன்று முதல் ஐந்து நாளில் மீளத் துளிர்ப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனிதரிலும் நரம்பே, இப்படி வந்துசேரும் சரக்கைக் கொண்டு, தன் நுனியைத் திரும்பக் கட்டவேண்டும். அதுவரை உயிரைக் காப்பது செயற்கைச் சுவாசக் கருவி. பலருக்கு அது நாட்கணக்கில் தேவைப்படுகிறது.

ஆகவே கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் நுளம்புவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகுங்கள். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுக்குத்தோடு இமையும் சரிந்தால், கடித்த தடம் தேடிக்கொண்டோ பார்வை பார்க்க அலைந்தோ நேரம் கடத்தாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.