பெயரற்ற குரலின் அரசியல்

'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன...' என்று அந்தக் குரல் தொடங்கினாலே மீதியை நாம் முடித்துவிடுவோம். படம் எது, நடித்தவர் யார், எல்லாம் தெரியும். பேசுறது யாரு? தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் இங்கே விதி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் பெயர் சொல்லித்தான் கேட்டோம். 'செய்திகள் வாசிப்பது' என்றதும் சரோஜ் நாராயணசுவாமி என்ற பெயர் வந்தது. பெயர் வரும்போது பேச்சுக்குப் பொறுப்பும் வருகிறது. முன்னோட்டக் குரலிலோ பேசுபவர் மறைந்து நிறுவனமே பேசுவதாகிறது. அலைவரிசையின் பெயருக்கு முன் ஒட்டிக்கொள்ளும் 'உங்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உடைமை அவங்களுது, உறவு மட்டும் நமக்கு.

இந்த மாயம் எப்படி நடக்கிறது? கலைஞர் மைக்கை ஒட்டி நின்று பேசுகிறார். ஒருதிசை மைக் அந்த நெருக்கத்தில் அடிக்குரலைத் தடிப்பாக்கும். கம்ப்ரஸர் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்குமான இடைவெளியைச் சுருக்கும். மூச்சு வாங்கும் இடங்களை எடிட்டர் வெட்டி எறிவார். பண்பலையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிலையத்தின் பெயரை அடித்துச் சொல்லும் சில விநாடித் துண்டு 'ஸ்வீப்பர்'. அதையே பாடினால் 'ஜிங்கிள்'. மிஞ்சுவது மூச்சுவிடாத ஒரு குரல். உழைப்பு இருக்கிறது, உழைத்த உடம்பு இல்லை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டம், திரைப்படத்தில் தற்செயலாகப் பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவரை 'நிகழ்த்துநர்' என்று ஏற்பதில்லை. சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் மிச்சம். முதலில் பெயரை எடு. பிறகு பெயரில்லை என்று சொல்லி உரிமையை எடு. இந்தத் தர்க்கம் முன்னோட்டக் குரல்மேல் பாய எவ்வளவு நேரமாகும்?

2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நியாயம்தான். ஆனால் அங்கே காப்பாற்றியது அவருடைய புகழ். ஊரறிந்தும் பெயரறியப்படாத குரல் எந்த முகத்தோடு நீதிமன்றம் போகும்? சில நிமிடப் பதிவு கிடைத்தால் எந்திரம் அந்தக் குரலில் எதையும் பேசிவிடும். அவர் சம்மதிக்காத பிரச்சாரத்தையும்கூட.

ஆகவே கோரிக்கை எளிது. நகலெடுக்கும் அனுமதி ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட வேண்டும், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் கூலி வேண்டும், பெயர் வேண்டும். 'பேசுறது யாரு?' என்று கேட்பவர்கள் முதலில் நாமாக இருப்போம்.