சுரங்கமும் கடற்பறவையும்

கோலார் தங்கவயலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. எஞ்சியவை கழிவுமண் மேடுகளும், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் தொழிலாளர் குடும்பங்களுமே.

சுரங்கத்தை நம்பிய மற்றோர் இடம், இந்துமாக்கடலில் ஆஸ்திரேலியாவுக்கு உரிய கிறிஸ்துமஸ் தீவு. அங்கு வெட்டப்படுவது பாஸ்பேட். 'அபட் பூபி' என்னும் அரிய கடற்பறவை உலகில் இத்தீவில் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிறது. உயர்ந்த மழைக்காட்டு மரங்களில் கூடு கட்டி, ஒரே முட்டை இடுகிறது. குஞ்சு தனித்து வாழ ஓராண்டுக்கு மேலாவதால், இணைகள் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறையே குஞ்சு வளர்க்கின்றன. ஆகவே இழப்பை ஈடுசெய்வது அரிது. காடு வெட்டப்பட்ட வெளிகளில் எழும் காற்றுச் சுழல், அருகில் எஞ்சிய மரங்களிலுள்ள கூடுகளையும் பாதித்தது.

1980இல் அங்குத் தேசியப் பூங்கா தொடங்கப்பட்டது. 1987இல் மூடப்பட்ட சுரங்கம், மழைக்காட்டை அழிக்கலாகாது என்ற நிபந்தனையுடன் 1991இல் மீண்டும் இயங்கலாயிற்று. சுரங்க நிறுவனம் செலுத்தும் தீர்வையைக் கொண்டு, வெட்டிய நிலங்களில் காடு வளர்க்கப்படுகிறது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நிலத்தைச் சீராக்கவும் தொழிலாளருக்கு மாற்றுவழி காணவும் வேண்டிய நிதியைச் சுரங்கம் வருவாய் ஈட்டும் காலத்திலேயே ஒதுக்கவேண்டும். மூடியபின் அதற்குப் பொருள் தேடுவது கடினம்.